வாசகர் கேள்வி – பதில்: கட்டுநாயக்கவிலிருந்து டொரொன்டோ எவ்வளவு தூரம்?

கேள்வி: அண்ணன் கனடாவுக்குப் போன பின்னர், பாடசாலைத் தேசப்படத்தில் கட்டுநாயக்கவையும் டொரொன்டோவையும் அடிமட்டத்தால் இணைத்து, அளவுத்திட்டப்படி கணக்கிட்டேன். 18,000 கிலோமீற்றருக்கு மேல் வந்தது. கோடு செங்கடலையும் சகாராவையும் கடந்து சென்றது. விமானத் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் என்கிறார்கள். எது சரி? அதை நானே கணக்கிட முடியுமா?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: 14,000 தான் சரி. உங்கள் அடிமட்டம் பிழை செய்யவில்லை. உருண்டையான புவியைத் தட்டையான தாளில் விரித்தபோதே அந்த 4,000 கிலோமீற்றர் புகுந்துவிட்டது. நெட்டாங்கில் ஒரு பாகை என்பது மத்திய கோட்டில் 111 கிலோமீற்றர். டொரொன்டோவின் அகலாங்கிலோ 80 கிலோமீற்றர்தான். தேசப்படம் இரண்டையும் ஒரே அகலத்தில் வரைகிறது.

பாடசாலையில் பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்; இல்லையென்றால் ஒரு தோடம்பழமும் போதும். நூல் சகாராப் பக்கமே போகாது. இந்தியா, பாகிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா என வடக்கே ஏறி, 72 பாகை வடக்கு வரை சென்று, கிரீன்லாந்தைக் கடந்து கனடாவில் இறங்கும். இதுவே பெருவட்டப் பாதை, அதாவது உருண்டையின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை. நம் மலைநாட்டில் எதிர்மலை லயம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தாலும் வளைந்து செல்லும் பாதை நீண்டதாகவே இருக்கும் என்று பழகிய நமக்கு, தேசப்படத்தில் வளைந்து தெரியும் கோடே குறுகியது என்பதை ஏற்கச் சற்று நேரம் பிடிக்கும்.

கணக்கிட உங்கள் மடக்கை அட்டவணைப் புத்தகமே போதும். கட்டுநாயக்க 7.18 பாகை வடக்கு, 79.88 பாகை கிழக்கு; டொரொன்டோ பியர்சன் விமான நிலையம் 43.68 பாகை வடக்கு, 79.63 பாகை மேற்கு. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் நெட்டாங்குகளைக் கூட்ட வேண்டும்: 159.51 பாகை. பலர் இங்கேதான் கழித்துவிட்டு வழிதவறுகிறார்கள். இனி இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.0863. அவற்றின் கோசைன்களின் பெருக்கத்தை 159.51 பாகையின் கோசைனால் பெருக்கினால் −0.6721. இரண்டின் கூட்டுத்தொகையான −0.5858, புவியின் மையத்தில் இவ்விரு நிலையங்களும் அமைக்கும் கோணத்தின் கோசைன் ஆகும். மறைப் பெறுமானம் வந்ததால் கோணம் 90 பாகையை விடப் பெரியது: 125.86 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகைக்குரிய தூரம் 111.2 கிலோமீற்றர்; கோணத்தை அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் கிடைக்கும். விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கிலிருந்து பிறந்தது. ஆகவே கோணத்தை 60 ஆல் பெருக்கினால் நேரடியாகவே ஏறத்தாழ 7,550 கடல் மைல் என்று வந்துவிடும்.

புவி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் இவ்விடையில் அரை வீதம் வரை வேறுபாடு வரலாம். காற்றின் திசை, மூடப்பட்ட வான்பரப்புகள் ஆகியவற்றால் உண்மையான பறப்பு எப்போதும் இதைவிட நீளும்.

இதே முறையில் கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ 8,715 கிலோமீற்றர், அங்கிருந்து டொரொன்டோ 5,707 கிலோமீற்றர். உங்கள் அண்ணன் லண்டனில் விமானம் மாறிச் சென்றிருந்தால், தேசப்படத்தில் பெரிய சுற்றாகத் தோன்றும் அந்த வழியில் அவருக்குக் கூடியது ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான்.