நாள்பட்ட நோயோடு வாழும்போது மனச்சோர்வையும் துக்கத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருந்தது: பல வருடமாகத் தீராத ஒரு நோய், போன வருடம் நெருங்கிய ஒருவரின் மரணம், இப்போது அழுகை வந்தால் எதற்காக அழுகிறோம் என்றே பிடிபடுவதில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் எப்படித்தான் நாளை ஓட்டுகிறீர்கள், மனசுக்கென்று தனியாக மாத்திரை எடுக்கத்தான் வேண்டுமா?

எனக்கு இருப்பது முடக்குவாதம், ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். கட்டுக்குள் வைக்கலாம், அடியோடு விட்டுப் போகாது. அது வந்து சில வருடம் கழித்து என் அக்கா இறந்துபோனாள். அதன் பிறகு மனச்சோர்வுக்கும் சிகிச்சை எடுத்தேன். "மீண்டு வந்தேன்" வகைப் பதில் இது இல்லை. நோய் அப்படியே இருக்கிறது, அக்கா இல்லாத குறையும் இருக்கிறது. மனச்சோர்வு மட்டும் பெரும்பாலும் போய்விட்டது. அந்த ஒன்று தனியாகக் கழன்று போகக்கூடியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நோயின் களைப்பு, துக்கம், மனச்சோர்வு மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். தூக்கம் கெடும், பசி இருக்காது, எழுந்து குளிப்பதே பெரிய வேலையாகத் தெரியும். அதனால், "இவ்வளவு பெரிய நோய், அதுக்கு மேல ஒரு சாவு, சோர்வாத்தானே இருக்கும்" என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். மனச்சோர்வுக்குக் காரணம் இருக்கிறது என்பதாலேயே சிகிச்சை தேவையில்லை என்று ஆகிவிடாது. விழுந்ததால்தான் கால் உடைந்தது என்று தெரிந்தும் கட்டுப் போடாமலா விடுகிறோம்?

எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது. துக்கத்தில் அழுகையும் வந்தது, அக்கா அடித்த கிண்டல் ஏதாவது ஞாபகம் வந்தால் சிரிப்பும் வந்தது. மனச்சோர்வில் இரண்டுமே வரவில்லை. பிடித்த பாட்டைப் போட்டால் வெறும் சத்தமாகக் கேட்டது. முதலில் "அவள் இல்லையே" என்று இருந்த நினைப்பு, போகப் போக "நான் எல்லாருக்கும் பாரம்" என்று மாறியது. தன்னைத்தானே மட்டம் தட்டும் அந்தத் தொனி வந்துவிட்டால் அது துக்கம் மட்டும் இல்லை.

மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க டாக்டர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் ஒன்று உண்டு. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு சிக்கல்: தூக்கம், களைப்பு, பசி போன்ற கேள்விகளுக்கு நோயே மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடும். அதனால் எதிலும் ஆர்வம் இல்லாமை, நம்பிக்கை இழந்த மனநிலை, தன்னைப் பற்றிய மோசமான எண்ணம் இவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். வீட்டில் மாத்திரையை மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்கள் நாம். அந்த நாட்களில் டப்பாவை வேறொருவர் கையில் கொடுத்து வைப்பது நல்லது.

அப்புறம், எல்லாப் பழியையும் மனசு மேலேயே போட வேண்டாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவையும் மனச்சோர்வு போலவே காட்டும்; ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப் போடக்கூடியவை. (சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.) உடம்பின் எதிர்ப்பு சக்தி தூண்டப்படுவதே மனநிலையைத் தாழ்த்தக்கூடும். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், அதுவரை மனச்சோர்வே இல்லாத பலருக்கும் சிகிச்சையின் நடுவில் அது வந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. என் சுபாவக் கோளாறு என்று நினைத்திருந்த ஒன்றில் ரத்தத்துக்கும் பங்கு இருக்கிறது!

துக்கத்துக்கு வருகிறேன். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்கள் சொல்வார்கள். 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. நம் நிலைமைக்கு அது ஒட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பிறகு இன்னொரு விரல் வளைகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். எனக்குப் பொருத்தமாகப் பட்டது சைமன் ஓல்ஷான்ஸ்கி 1962-ல் சொன்ன நாள்பட்ட துயரம் என்ற கருத்து. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரை வைத்து அவர் சொன்னார்: இழப்பு முடியாமல் தொடரும்போது துயரமும் கூடவே தொடரும், அது இயல்பு, கோளாறு இல்லை. பின்னால் வந்தவர்கள் அதை நாள்பட்ட நோயாளிகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள்.

என் விஷயத்தில் அந்தத் துயரம் சட்டைப் பொத்தானில் வரும். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கும். பொத்தானைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஓட்டை வரை கொண்டு போவேன், நழுவும். திரும்பப் பிடிப்பேன், பாதி நுழைந்து வெளியே வரும். கடைசியில் தலைவழியாகப் போடும் சட்டை ஒன்றைத் தேடி எடுப்பேன். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய கை இது. அதற்காகக் கண்ணில் தண்ணீர் வந்தால் இப்போதெல்லாம் தடுப்பதில்லை. அழுதுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

அக்காவின் சாவு வேறு மாதிரி. அவள் போனில் "எப்படி இருக்கே" என்று கேட்க மாட்டாள். "இன்னைக்குக் கை மடங்குதா?" என்பாள். அப்படி ஒருவர் போகும்போது, விளக்கம் சொல்லாமலே நம் உடம்பைத் தெரிந்து வைத்திருந்த ஆளும் சேர்ந்து போய்விடுகிறார். மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அந்த அலுப்பிலேயே சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கூடவே ஒரு குற்ற உணர்வு. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் எனக்கும் வலி ஏறியிருந்தது, ராத்திரி துணைக்கு இருக்க முடியவில்லை. இதை முதன்முதலில் ஒரு கவுன்சலரிடம்தான் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்த ராத்திரி அங்கே இருந்திருந்தால் மணிக்கு மணி என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். தலையணையைத் தூக்கி வைத்திருக்க முடியாது, பாட்டில் மூடியைத் திறந்திருக்க முடியாது. மிஞ்சியது பேச்சுத் துணை. அதைப் போனில் கொடுத்திருக்கிறேன். குற்ற உணர்வு அன்றோடு தீர்ந்துவிடவில்லை, ஆனால் அளவுக்கு வந்தது.

நாளை ஓட்டுவது பற்றிக் கேட்டீர்கள். மனச்சோர்வுக்கு, விருப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். மூட்டு நோய்க்கோ, நல்ல நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் சாயாதே என்பார்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் அளவை மோசமான நாளுக்கு வைத்துக்கொண்டேன்: வாசல் வரை போய் வருவது. நல்ல நாளிலும் அதற்கு மேல் கொஞ்சம்தான்.

மாத்திரை வேண்டுமா என்றால், அது உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவர் சொல்ல வேண்டியது. சிலருக்குப் பேச்சு சிகிச்சையே போதும். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடாதீர்கள். டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள் சிலவகை வலியையும் குறைக்கும். மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றை வலி மாத்திரைகளோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். ஆகவே இரண்டு டாக்டர்களிடமும் முழு மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

என் மூட்டு டாக்டருக்கு மனசைப் பற்றிக் கேட்கும் வழக்கம் இல்லை. எனக்கோ அவர் முன்னால் பேச வாய் வராது. "வலி குறைந்த நாளிலும் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை" என்று ஒரு வரியை எழுதி எடுத்துப் போய், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டினேன். படித்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தார். உங்களுக்கும் சொல்ல வரவில்லை என்றால் எழுதிக்கொண்டு போங்கள்.