விசில் பறந்த பிறகு

கேள்வி: த்ரில்லர் படங்களில் இடைவேளை ட்விஸ்ட்டுக்கு விசில் பறக்கிறது, இரண்டாம் பாதி படுத்துவிடுகிறதே, ஏன்? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: உங்கள் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் திரும்பினால்தான் வண்டி மேலே ஏறும். பல படங்களில் திருப்பம் வெறும் அதிர்ச்சியோடு சரி, கதையின் கேள்வி மாறுவதே இல்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) முக்கால் மணி நேரம் தாண்டியதும் நாயகியே கொல்லப்படுகிறாள், அதுவரை திருடிய பணத்தோடு தப்பிப்பாளா என்று பதறிய நாம், அப்புறம் இந்தக் கொலை வெளியே வருமா என்று வேறு கதைக்குள் போய்விடுகிறோம். கொலைகாரன் யாரென்று இடைவேளையிலேயே சொல்லலாம், தப்பில்லை. அடுத்து என்ன செய்வானோ என்ற பயம் மிச்சமிருக்கணும். அதை விட்டுவிட்டு இருபது நிமிட ஃப்ளாஷ்பேக்கில் அவன் சோகத்தை விளக்கினால், பாப்கார்ன் வாங்கப் போனவர் திரும்பி வர மாட்டார்!