தாய்லாந்தின் ‘பீ தா கோன்’ என்ற பேய் முகமூடித் திருவிழா அந்த ஊர் ஹாலோவீனா? ஜூன் கடைசியில் போனால் பார்க்க முடியுமா?

முதல் கேள்விக்கு: இல்லை. இரண்டாவதற்கு: பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால்.

பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். தாய்லாந்து மொழியில் ‘பீ’ என்றால் பேய், ஆவி. இது வடகிழக்கில் லோய் மாகாணத்தின் டான் சாய் என்ற சிற்றூரின் விழா.

டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போடவில்லை என்றால் பொறுங்கள். தேதியைக் குறிப்பது காலண்டர் இல்லை, சாவ் போ குவான் எனப்படும் ஊர்ச் சாமியாடி. அவர் நாள் சொன்ன பிறகுதான் அறிவிப்பு வரும். பெரும்பாலும் ஜூன் அல்லது ஜூலையில் மூன்று நாள் நடக்கும். போன வருடத் தேதியை வைத்துக்கொண்டு கிளம்பினால் வெறும் தெருவைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

உண்மையில் விழாவின் பெயர் பூன் லுவாங். பீ தா கோன் அதில் ஒரு பகுதி. வடகிழக்கில் மற்ற ஊர்களில் வேறு வேறு மாதங்களில் நடக்கும் இரண்டு புண்ணிய காரியங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஒன்று, மழை வேண்டி மூங்கில் ராக்கெட் விடுவது. மற்றொன்று, புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான வெஸ்ஸந்தர ஜாதகத்தைக் கேட்பது. கேட்டதையெல்லாம் கொடுத்து, பெற்ற பிள்ளைகளையும் தானமாகக் கொடுத்த இளவரசரின் கதை. (கதைப்படி அவர் சிவி நாட்டவர். புறாவுக்குத் தசை அறுத்துக் கொடுத்த சிபியைத் தங்கள் முன்னோன் என்று சோழர்கள் சொல்லிக்கொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.) காட்டிலிருந்து அவர் நகரத்துக்குத் திரும்பியபோது ஆவிகளும் மகிழ்ச்சியில் பின்தொடர்ந்து வந்தனவாம். அந்த ஊர்வலம்தான் முகமூடி ஆட்டம். “பௌத்தத்தில் பேய்க்கு என்ன வேலை?” என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கும் இதுவே பதில்.

முக்கியமான காட்சியைப் பலரும் தூங்கியே தவறவிடுகிறார்கள். முதல் நாள் விடியுமுன் வாட் போன் சாய் கோயிலிலிருந்து ஒரு கூட்டம் மன் ஆற்றுக்குப் போகும், நீருக்கடியில் வாழ்வதாக நம்பப்படும் உபகுப்தர் என்ற பௌத்தத் துறவியை அழைத்துவர. அவர் காவலுக்கு வந்தால் விழாவில் வம்பு வராது. ஒருவர் ஆற்றில் மூழ்கி ஒரு கூழாங்கல்லோடு எழுந்து, “இவர்தானா?” என்பார். கரையில் இருப்பவர்கள் “இல்லை” என்பார்கள். மறுபடி மூழ்குவார், மறுபடி “இல்லை”. மூன்றாம் முறை வெள்ளைக் கல்லோடு எழும்போதுதான் “ஆமாம், இவரேதான்!” அந்தக் கல்லைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு சாமியாடியின் வீட்டில் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு. நான்கு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் நில்லுங்கள். கையில் டார்ச் இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம்.

இனி முகமூடி. தொப்பியாக மேலே இருப்பது ஹுவத், அதாவது ஒட்டரிசி அவிக்கும் கூம்பு வடிவ மூங்கில் கூடை. அதை மடக்கி விளிம்பைத் தூக்கிவிட்டால் தொப்பி. முகம், தென்னை மட்டையின் அகன்ற அடிப்பாகம். உட்புறத்தைச் சீவிச் சீவி மெல்லிசாக்கி, கண்ணுக்கு ஓட்டை போட்டு, கூடையோடு சேர்த்துத் தைப்பார்கள். மூக்கு, இலவம் போன்ற லேசான மரத்தில் செதுக்கியது. முன்பு மனித மூக்கு அளவில்தான் இருந்தது, இப்போது யானைத் துதிக்கை மாதிரி நீண்டுவிட்டது. கொம்புக்குக் காய்ந்த தென்னம்பாளை. பின்கழுத்தை மறைக்க ஒரு துணி.

எங்கே கெடும்? பச்சை மட்டையில் செய்தால் காயும்போது சுருண்டு, தையல் இழுத்துக்கொள்ளும். மிகவும் காய்ந்த மட்டை கண் வெட்டும்போதே நார் வாக்கில் பிளக்கும். கண் ஓட்டையை மட்டைமேல் கண்ணளவாகக் குறித்துவிட்டு அப்புறம் தைப்பதும் தப்பு. கூடை தலையில் உட்காரும் உயரத்தைப் பொறுத்து முகம் இறங்கும், ஓட்டை நெற்றிக்குப் போய்விடும். முதலில் கூடையைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குறிக்கவேண்டும். மூக்கு கனமானால் முகமூடி முன்பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்க ஆட முடியாது.

இடுப்பில் மாட்டு மணி, கையில் மரக் கத்தி. கத்திப் பிடி பெரும்பாலும் ஆண்குறி வடிவில், நுனியில் சிவப்புச் சாயம் பூசி இருக்கும். மழையும் விளைச்சலும் வேண்டும் விழா இது. அதை மட்டும் க்ளோஸ்-அப்பில் எடுத்து, ‘ஆபாசத் திருவிழா’ என்று தலைப்பு வைக்கும் தமிழ் வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. தாய்லாந்து என்றாலே பட்டாயா, ஒரு கண்சிமிட்டல், ஒரு சிரிப்பு. எழுபத்தேழு நிர்வாகப் பகுதிகள் உள்ள நாடு அது!

ஆளைவிட இரு மடங்கு உயரமான இரண்டு உருவங்களும் வரும், ஒன்று ஆண், ஒன்று பெண். மூங்கில் சட்டம் கட்டிச் செய்வது. அதை யாரும் நினைத்தபடி செய்துவிட முடியாது, அதற்கென்று அனுமதி பெற்றவர்கள்தான் செய்யவேண்டும். விழா முடிந்ததும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். சின்ன முகமூடிகளையும் முன்பெல்லாம் அப்படித்தான், பீடை தொலையட்டும் என்று ஆற்றில் போட்டார்கள். இப்போது விற்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, செய்பவருக்குப் பிழைப்பு.

இரண்டாம் நாள் பெரிய ஊர்வலம். சாமியாடி மூங்கில் ராக்கெட்டுகளின்மேல் உட்கார்ந்து, தோள்களில் சுமக்கப்பட்டு, காசு இறைத்துக்கொண்டே வருவார். கோயிலை மூன்று சுற்று சுற்றிய பிறகு ராக்கெட் விடுவார்கள். மூன்றாம் நாள் வெஸ்ஸந்தர கதையின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் பிக்குகள் ஓதுவார்கள். அன்று பயணிகள் யாரும் இருக்கமாட்டார்கள், ஊர்க் கிழவிகள் மட்டும் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். மொழி புரியாவிட்டாலும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

லோய் நகரிலிருந்து டான் சாய் சுமார் 80 கிலோமீட்டர். ஊருக்குள் அறைகள் குறைவு, நாள் அறிவித்த உடனே பிடித்துவிடுங்கள். பக்கத்தில் உள்ள ஃப்ரா தாட் சி சோங் ராக் ஸ்தூபியையும் பாருங்கள். அந்தக் காலத்துத் தாய் அரசான அயுத்தயாவும் லாவோ அரசான லான் சாங்கும் நட்புக்குச் சாட்சியாக 1560இல் கட்டத் தொடங்கி 1563இல் முடித்தது. அங்கே சிவப்பு உடை கூடாது, சிவப்புப் பூவும் கூடாது. சிவப்புச் சட்டையோடு போனால் படியிலேயே நிறுத்திவிடுவார்கள், பையில் வேறு நிறத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.