தவம் செய்யும் பூனை
வாசகர் கேள்விகளுக்கு யோகா ஆசிரியை பதில்

எதிர் ஃபிளாட்டில் அப்பா, அம்மா இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய நாலு வயதுப் பெண்ணையும் ஆறு வயதுப் பையனையும் பள்ளி விட்டதிலிருந்து இரவு ஏழு மணி வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். செல்போன் கொடுக்காமல் சமாளிக்க முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் யோகா தெரியும். சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

தாராளமாகச் செய்யலாம். ஆனால் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள். பகல் முழுக்க ‘கையைக் கட்டு, நேரா உட்கார்’ என்று கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள் அவர்கள். நீங்களும் பாயை விரித்து வரிசையில் நில் என்றால் மறுநாளே வயிற்றுவலி வந்துவிடும்.

முதலில் பசியாற ஏதாவது கொடுங்கள். சுண்டலோ வாழைப்பழமோ, கொஞ்சமாக. அப்புறம் கீழே கொண்டுபோய் ஓடவிடுங்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நாம் போடும் பத்து நிமிட ஆசனம் அந்த ஓட்டத்துக்கு ஈடாகாது. இதைப் புரிந்துகொண்டு ஆரம்பித்தால் பாதித் தொல்லை இல்லை.

விளையாடி மேலே வந்ததும், அவர்களைக் கூப்பிடாமல் நீங்கள் பாட்டுக்கு முட்டி போட்டுக் கைகளை ஊன்றி முதுகை வளைத்து ‘மியாவ்’ சொல்லுங்கள். சின்னது முதலில் வரும். பெரியவன் கொஞ்ச நேரம் கௌரவம் பார்ப்பான், பிறகு அவனும் வருவான். மார்ஜாரி ஆசனம் என்ற பெயரெல்லாம் அவர்களாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் பாலமாக நின்றால் அடியில் தவழ்ந்து போவார்கள். பாதங்களைச் சேர்த்து உட்கார்ந்து முழங்கால்களை அடித்தால் பட்டாம்பூச்சி. ஆனால் முட்டி தரையைத் தொட வேண்டும் என்று நீங்கள் மேலே கையை வைத்து அழுத்தக் கூடாது.

ஒற்றைக்காலில் நிற்கும் மர ஆசனத்துக்கு என்னிடம் ஒரு விளையாட்டு இருக்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பெரிய பாறைச் சிற்பம் தெரியுமல்லவா? (பகீரதன் தவம் என்பாரும் உண்டு. நமக்கு இப்போது அந்தச் சண்டை வேண்டாம்.) அதில் விலா எலும்பு தெரிய ஒருவர் ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறார். கீழே யானைப் பக்கம் பார்த்தால் ஒரு பூனையும் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிக் கதையைச் சொல்லுங்கள். ஒருவர் பூனையாக ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். எலிகள் மெதுவாக நெருங்கி வரலாம். பூனையின் இன்னொரு கால் தரையைத் தொட்டால் தவம் கலைந்தது, துரத்தலாம்! அடுத்த ஆட்டத்துக்குக் காலை மாற்றச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான். சுவரைப் பிடித்து நிற்பதைக் கள்ளாட்டம் என்று சொல்லாதீர்கள்.

‘முதுகு நேராக இல்லை, முட்டி மடங்குகிறது’ என்று திருத்துவதை அடியோடு விடுங்கள். கடைசியில் மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். ஒரு நிமிடம் கிடந்தாலே பெரிது.

ஆரம்பிக்கும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீசிங், காதுவலி, பழைய எலும்பு முறிவு ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறத்தியார் பிள்ளைகளை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

மகள் வேலைக்குப் போனபின் மூன்றரை வயதுப் பேரன் என் பொறுப்பு. நான் நெடுங்காலமாக யோகா செய்பவன். உடம்பு வளையும் வயதிலேயே சிரசாசனமும் பிராணாயாமமும் பழக்கிவிட்டால் நல்லதுதானே?
– ஒரு வாசகர், திருச்சி

வேண்டாம் ஐயா. அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசைக்கு அவ்வளவு வலு கிடையாது. மூட்டு வளைகிறது என்பதால் அது பாரத்தைத் தாங்கும் என்று ஆகிவிடாது. 1930களில் மைசூர் அரண்மனையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் விவரம் தெரிந்த பள்ளிப் பையன்கள். பக்கத்தில் நின்றவரோ கிருஷ்ணமாச்சாரியார்!

மூச்சை அடக்குவது, வேகவேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா எதுவும் இப்போது தேவையில்லை. சோப்புக் குமிழி ஊதட்டும். உள்ளங்கையில் பஞ்சை வைத்து ஊதிப் பறக்கவிடட்டும். நாக்கை நீட்டி உறுமும் சிம்மாசனம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடலாம். இன்னொன்று. நீங்கள் தலைகீழாக நிற்கும் நேரத்தில் பேரன் அறைக்குள் இருக்க வேண்டாம். ஓடிவந்து இடித்தால் போகப்போவது உங்கள் கழுத்து. அவன் எழும் முன் உங்கள் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் குழந்தையின் வீட்டார் கிறிஸ்தவர்கள். ‘ஓம்’ சொல்ல வைக்கலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

அவர்களைக் கேட்காமல் வேண்டாம். கேட்கவே சங்கடமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று தேனீ போல ரீங்கரித்தாலும் மூச்சு நீளும், குழந்தைக்கும் குஷி. யோகா என்ற பெயரே பிடிக்காவிட்டால், விளையாட்டு என்றே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் பெற்றோரிடம் மறைக்க வேண்டாம்.

அக்காவின் ஐந்து வயது மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். சனி, ஞாயிறுகளில் அவள் என்னோடுதான் இருப்பாள். நான் யோகா செய்தால் கூடவே செய்கிறாள். அப்படியே விடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

செய்யட்டும், ஆனால் மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் உச்சியிலுள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்வாக இருக்கும். எனவே குட்டிக்கரணம், சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம் என்று தலையிலோ கழுத்திலோ பாரம் விழும் எதுவும் கூடாது. மூட்டுகள் ஏற்கெனவே நன்றாக வளையும் என்பதால் இன்னும் வளைக்கப் பார்க்காதீர்கள். அவளுக்கு வேண்டியது வலு. நிமிர்ந்து நேராக நிற்கும் தாடாசனம், சுவரைப் பிடித்தபடி மர ஆசனம், நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, இவை நல்லவை. கழுத்து வலிக்கிறது என்றாலோ, நடை மாறினாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ, நின்றுபோயிருந்த சிறுநீர்க் கசிவு மறுபடி தொடங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.