வாசகர் கேள்வி பதில்: எட்டேகால் சதவீதத்தில் யார் யாருக்குப் பங்கு?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே போர்ட் பெண்ட் கவுண்டியில் (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பகுதி) உள்ள மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அந்தப் பகுதி எந்த நகராட்சிக்கும் உட்பட்டதல்ல என்று மருமகன் சொன்னார். ஆனால், பக்கத்துக் கடையில் வாங்கிய பாத்திரத்துக்கு நகரத்தில் போலவே 8.25 சதவீத விற்பனை வரி போட்டிருந்தார்கள். நகராட்சியே இல்லாத இடத்தில் அந்தப் பணம் யாருக்குப் போகிறது?
வாசகி, மயிலாடுதுறை

பதில்: அந்த எட்டேகாலில் ஆறேகால் மாநில அரசுக்கு உரியது. மீதி 2 சதவீதம் உள்ளூர்ப் பங்கு. அதற்கு மேல் உள்ளூர் அமைப்புகள் அனைத்தும் சேர்ந்தும் ஒரு சென்ட்கூடக் கூட்ட முடியாது என்பது டெக்சாஸ் சட்டம். நகர எல்லைக்குள் இந்த 2 சதவீதத்தை நகராட்சியும் அதைச் சார்ந்த அமைப்புகளும் எடுத்துக்கொள்ளும். நகராட்சி இல்லாத இடத்தில் அந்தப் பங்கு உரிமை கோருவாரின்றிக் கிடந்தது. கவுண்டிகளின் கண் அதன்மேல் விழுந்ததில் வியப்பில்லை.

அப்படிப் பிறந்தவையே கவுண்டி உதவி வட்டாரங்கள். ஆங்கிலப் பெயரில் உள்ள 'டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லை 'மாவட்டம்' என்று மொழிபெயர்த்தால் நமக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் 'வட்டாரம்' என்கிறேன். வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு பரப்பு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சில சாலைச் சந்திப்புகளும் அவற்றைச் சுற்றிய கடைகளுமே பெரும்பகுதியாக அமைந்த வட்டாரமும் இருக்கலாம். கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்ஸ் கோர்ட் (பெயரில்தான் கோர்ட், முதன்மையாக அது நிர்வாக அவை) தேர்தலை அறிவிக்கிறது, கோட்டுக்குள் வசிக்கும் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் வரி நடைமுறைக்கு வருகிறது. வரும் தொகையைச் சாலை, காவல் பணி, பூங்கா, நூலகம் ஆகியவற்றுக்கும், பொருளாதார வளர்ச்சிக்கும் சுற்றுலாவுக்கும் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. போர்ட் பெண்ட் கவுண்டியில் இத்தகைய வட்டாரங்கள் எண்ணிட்டு வரிசையாக உள்ளன.

உங்கள் பாத்திரக் கடை அவற்றில் ஒன்றுக்குள் இருந்திருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. ஹூஸ்டன் நகராட்சி, புறநகர்ப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் தரும் வட்டாரங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, குடியிருப்புகளை விட்டுவிட்டுக் கடைகள் இருக்கும் நிலத்தை மட்டும் வரையறுக்கப்பட்ட நோக்கத்துக்காக இணைத்துக்கொள்கிறது. அங்கே வசூலாகும் 1 சதவீத நகர வரியில் பாதியை அந்தக் குடிநீர் வட்டாரத்துக்குக் கொடுக்கிறது. எனவே, வீடு நகரத்துக்கு வெளியேயும், எதிரில் உள்ள கடை வரிக்கு மட்டும் நகரத்துக்கு உள்ளேயும் இருக்கக்கூடும்.

கேள்வி: எல்லா ஊர்களிலும் மொத்தம் 8.25தான் என்றால், பங்கு எப்படிப் பிரிந்தால்தான் என்ன?
வாசகர், டல்லாஸ்

பதில்: வாங்குபவருக்கு வேறுபாடில்லை, ஊருக்கு உண்டு. உங்களுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. பிளேனோ, இர்விங் நகரங்கள் 1983 தேர்தலில் டார்ட் போக்குவரத்து அமைப்பில் சேர்ந்து தங்கள் 2 சதவீதத்தில் பாதியை அதற்கு ஒதுக்கின. பிரிஸ்கோ நகரமோ தன் 2 சதவீதத்தில் பாதியை அரை அரையாகப் பிரித்து, ஒன்றைப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்துக்கும் மற்றொன்றைச் சமூக வளர்ச்சிக் கழகத்துக்கும் கொடுத்தது. முதல் வகைக் கழகத்துக்கு 1989இலும் இரண்டாம் வகைக்கு 1991இலும் சட்டம் வழி திறந்தது; முன்னது ஆலைகளையும் நிறுவனங்களையும் ஈர்ப்பதற்கு, பின்னது பூங்கா, விளையாட்டரங்கம் போன்றவற்றையும் சேர்த்துக்கொள்வதற்கு. டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகம் பிரிஸ்கோவுக்கு வந்ததில் இந்தக் கழகங்களின் பணத்துக்குப் பங்குண்டு. ஆனால், 2 சதவீதமும் தீர்ந்துவிட்டதால், டார்ட் ரயில் வேண்டுமென்று நாளை மக்கள் கேட்டாலும், கழகங்களின் பங்கைக் குறைக்காமல் அதற்கு வரி ஒதுக்க முடியாது. ஆர்லிங்டன் வேறொரு வழியில் போனது: 2004 நவம்பரில் அரை சதவீதத்தைக் கவ்பாய்ஸ் விளையாட்டரங்கத்துக்காக வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் கைவைத்தவருக்கே பங்கு என்ற இந்த ஏற்பாட்டில், வரி நல்லதா கெட்டதா என்பதைவிட, அதை எதற்காக எத்தனை ஆண்டுக்குக் கட்டிப்போடுகிறோம் என்பதையே வாக்காளர் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: வட்டாரத்துக்குள் வாக்காளரே இல்லாவிட்டால் யார் வாக்களிப்பார்கள்?
வாசகர், செயின்ட் லூயிஸ்

பதில்: வேடிக்கையாகத் தோன்றினாலும், உங்கள் மிசோரியில் இது நடைமுறைக் கேள்விதான். அங்கே மாநில வரி 4.225 சதவீதம், அதற்கும் நகர, கவுண்டி வரிகளுக்கும் மேலாக, சமூக மேம்பாட்டு வட்டாரம் 1 சதவீதம் வரையிலும், போக்குவரத்து வளர்ச்சி வட்டாரம் 1 சதவீதம் வரையிலும் விதிக்கலாம், ஒரே கடை இரண்டுக்குள்ளும் வரலாம். வணிக வளாகம் ஒன்றை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் உள்ளே ஒருவரும் வசிக்க மாட்டார்கள். அப்போது நில உரிமையாளர்களே வாக்களிக்கிறார்கள். பல இடங்களில் வளாகத்தைக் கட்டியவரே அந்த உரிமையாளர். வட்டாரத்தின் இயக்குநர் குழுவிலும் அவருடைய ஆட்களே இருப்பதுண்டு. ஆக, வரியைக் கேட்பவரும் ஒப்புக்கொள்பவரும் செலவிடுபவரும் ஒருவரே. செலுத்துபவர் மட்டும் வேறொருவர். மாநிலத் தணிக்கையர் 2017இலும் 2018இலும் இவ்வட்டாரங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைகள், மேற்பார்வையும் வெளிப்படைத்தன்மையும் போதவில்லை என்று குறை கூறின. பாழடைந்த வணிகப் பகுதிகள் இத்தகைய வரியால் மீண்டதும் உண்டு என்று ஆதரிப்போர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை; அதற்காகக் கடைக்கு வருபவருக்குச் சொல்லாமல் வாங்குவது முறையாகிவிடாது.

கேள்வி: இணையத்தில் வாங்கும்போது இந்த வட்டாரக் கணக்கை யார் பார்ப்பது? பின்கோடு போதுமா?
வாசகி, ஆஸ்டின்

பதில்: போதாது. அங்குள்ள ஜிப் எண் தபால்காரரின் வசதிக்காக உருவானது. வரி வட்டாரத்தின் கோடு அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம், கடையோ கிடங்கோ இல்லாத மாநிலத்திலும் விற்பவரிடம் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்த பிறகு, சிறு வியாபாரிகள் இந்தக் கோடுகளைத் தேடித் திணறினார்கள். டெக்சாஸ் அதற்கொரு குறுக்குவழி தந்தது: வெளிமாநில விற்பனையாளர் விரும்பினால், முகவரி பார்க்காமல் மாநிலம் முழுமைக்கும் ஒரே உள்ளூர் விகிதத்தைப் போடலாம். 2019 அக்டோபரில் தொடங்கியபோது அது 1.75 சதவீதம். உங்களுக்கு வந்த ரசீதில் 8.25க்குப் பதிலாக 8 என்று இருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.