அண்ணாச்சியைக் கேளுங்க: "திங்கக்கிழமை வாங்க"ன்னா எங்க வரணும்?

கேள்வி: அண்ணாச்சி, நான் திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்ல ஒரு சின்ன பேக்கிங் கம்பெனில ஹெச்ஆர்ல இருக்கேன். அடுத்த வாரம் புதுசா கொஞ்ச பேர் சேருதாங்க, எல்லாருக்கும் ஓரியன்டேஷன், அதான் முத நாள் அறிமுக வகுப்பு, இருக்குன்னு தகவல் அனுப்பணும். போன தடவை இங்கிலீஷ்ல மெயில் போட்டோம், பாதி பேர் வரவே இல்ல, வந்தவங்களும் ஆதார் கூட இல்லாம கைய வீசிட்டு வந்தாங்க, மேனேஜர் என்னையப் புடிச்சு ஏசிட்டாரு. எப்படி எழுதுனா ஒழுங்கா வருவாங்க?
- வாசகி, தச்சநல்லூர்

பதில்: தங்கச்சி, மேனேஜர் ஏசுனத விடு, வராதவங்க மேலயும் தப்பு இல்ல. மெஷின் ஓட்ட வார பையன் எந்தக் காலத்துல மெயில் பாத்தான், அந்த மெயில் ஐடியே ப்ரவுசிங் சென்டர்காரர் அப்ளிகேஷன் போடும்போது ஆரம்பிச்சுக் குடுத்ததா இருக்கும், பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும். அதனால வாட்ஸப்ல தமிழ்ல அனுப்பு, மறுநாள் ஆளுக்கு ஒரு போன் போட்டுரு. பட்டன் போன் வச்சிருக்கவங்களுக்கு போன் மட்டுந்தான் வழி.

ரெண்டாவது, ஓரியன்டேஷன்னு மொட்டையா போடாத. இன்னொரு இன்டர்வியூ போலருக்குன்னு பயந்துகிட்டு வராம இருக்கவன் உண்டு, காசு கட்டச் சொல்லுவாங்களோன்னு ஆத்தாக்காரி அனுப்பாம நிப்பாட்டுத வீடும் உண்டு. அன்னைக்கு என்ன நடக்கும்னு ரெண்டு வரி சொல்லிட்டாப் போதும்.

இடத்தத்தான் நம்மாளுக ரொம்ப அசால்ட்டா எழுதுவாங்க. கல்யாணப் பத்திரிகைல மண்டபத்துக்கு எந்த பஸ்ல வரணும்னு வரைக்கும் போடுதோம்லா, வேலைக்குக் கூப்பிடும்போது மட்டும் "கம்பெனி வளாகம்"னு எழுதி முடிச்சுருவோம். சிப்காட்டுக்குள்ள டயர் கம்பெனி, சோலார் கம்பெனின்னு ஏகப்பட்டது கெடக்கு, எந்த ரோடு எந்த கேட்டுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வெளியூர்ப் பையன் மேப்புல கங்கைகொண்டன்னு அடிச்சா அரியலூர் பக்கம் சோழபுரத்தக் காட்டினாலும் காட்டும், ஜாக்கிரதை! லொகேஷன் அனுப்பு. கம்பெனி பஸ் இருந்தா எங்கன நிக்கும்னு தெளிவா போடு, வெறுமனே பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னா ஒருத்தன் ஜங்ஷன்ல நிப்பான் இன்னொருத்தன் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுல நிப்பான், பஸ்ஸு வண்ணார்பேட்டையத் தாண்டிப் போயிரும்.

நான்னா இப்படித்தான் அனுப்புவேன்:

"வணக்கம், உங்களுக்கு வேலை உறுதி ஆயிருச்சு. திங்கக்கிழமை காலைல 9 மணிக்கு வாங்க. அன்னைக்கு மெஷின் வேலை கிடையாது, கம்பெனியப் பத்தியும் பாதுகாப்பு பத்தியும் சொல்லிக் குடுப்போம், பேப்பர் வேலையும் முடிச்சுருவோம், சாயங்காலம் நாலரைக்கு விட்டுருவோம். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. மதியம் சாப்பாடு இங்கயே. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டு வாங்க. காசு எதுவும் கட்ட வேண்டாம், யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. வர முடியலன்னா இந்த நம்பருக்கு முன்னாடியே சொல்லிருங்க."

இதுக்குக் கீழ தேதி, கம்பெனி பேரு, எந்த கேட்டு, லொகேஷன், உன் பேரு, உன் நம்பர். சம்பளம், சாப்பாடு வரியெல்லாம் மேனேஜர்ட்ட கேட்டு உறுதி பண்ணிட்டு போடு, இல்லன்னா அதுக்கும் நீதான் ஏச்சு வாங்கணும்.

பேப்பர் லிஸ்ட்ட தனி மெசேஜா அனுப்பு, ஒண்ணாப் போட்டா யாரும் கீழ வரைக்கும் படிக்க மாட்டாங்க. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ. ஏற்கனவே வேற எங்கயும் வேலை பாத்திருந்தா பிஎஃப் கணக்குக்கு உள்ள 12 இலக்க யுஏஎன் நம்பர், இத கேக்காம விட்டு புதுசா இன்னொண்ணு போட்டுட்டா பழைய பிஎஃப் பணத்த மாத்த பாவம் அந்தப் பையன் அலைவான். சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளன்னா இஎஸ்ஐ (தொழிலாளிக்கு உள்ள வைத்திய இன்சூரன்ஸ்) வரும், அதுக்கு வீட்டு ஆளுங்க பேரு, பொறந்த தேதி, ஆதார் எல்லாம் கேப்பாங்க, முன்னாடியே சொல்லிட்டா வீட்டுல கேட்டு எழுதிட்டு வந்துருவான். முக்கியமா இனிஷியல். ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பான்ல ஒரு எழுத்து இருக்கும், பாஸ்புக்ல அதுவும் இருக்காது, பின்னால பிஎஃப் எடுக்கப் போகும்போதுதான் இந்த வினை தெரியும். மூணுலயும் ஒரே பேரான்னு பாத்துக்கிட்டு வாங்கன்னு ஒரு வரி போட்டுரு.

தேதி வைக்கும்போது காலண்டரப் பாரு. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்னைக்கு வைக்காத, மாவட்டத்துக்கே உள்ளூர் லீவு. ஆடி அமாவாசை சமயத்துல அம்பை, விக்கிரமசிங்கபுரம் ஆளுக காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோட கெளம்பிருவாங்க, அவங்களையும் எதிர்பாக்காத.

கேள்வி: என் மகளுக்கு சென்னைல வேலைன்னு மெயில் வந்திருக்கு. ஓரியன்டேஷனுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டும் டிரெய்னிங் டெபாசிட் 5,000 ரூபாயும் கொண்டு வரணுமாம், பணத்த முதல்லயே ஜிபே பண்ணணுமாம். அனுப்பலாமா?
- வாசகர், களக்காடு

பதில்: அனுப்பாதீங்க அண்ணாச்சி. வேலை குடுக்குதவன் சம்பளம் தரணும், அவனே முன்பணம் கேட்டா அது ஏமாத்து வேலைன்னுதான் நான் எடுத்துக்குவேன். மெயில்ல இருக்க நம்பருக்குப் பேசாதீங்க, அத எடுக்குததும் அவன்தான், கம்பெனி நம்பர நீங்களா தனியா தேடி எடுத்து அப்படி ஒரு வேலை உண்டான்னு கேளுங்க. ஏற்கனவே பணம் போட்டிருந்தா தாமதிக்காம ஆன்லைன் பண மோசடி புகாருக்குள்ள 1930க்கு போன் அடிங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட நல்ல கம்பெனின்னாலும் காட்டிட்டு கையோட வாங்கிட்டு வரச் சொல்லுங்க, ஜெராக்ஸ் குடுத்தாப் போதும்.

கேள்வி: முதல் நாள் ஓரியன்டேஷன்ல சும்மா வீடியோ போட்டு அறுப்பாங்களாம், மறுநாள் நேரா வேலைக்குப் போனா என்ன?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: அறுக்கத்தான் செய்வாங்க தம்பி, ஆனாலும் போ. முத நாளே போனாத்தான் சேர்ந்த தேதி ரெஜிஸ்டர்ல ஒழுங்கா ஏறும். தீப்பிடிச்சா எந்த வழியா ஓடணும், கைல அடிபட்டா யாருட்ட சொல்லணும்னு அன்னைக்குத்தான் காட்டுவாங்க. பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குத இடத்துல 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகாருக்குன்னு ஒரு உள் கமிட்டி இருக்கணும், அதுல யார் யார் இருக்காங்கன்னும் சொல்லணும், சொல்லலன்னா நீ எந்திரிச்சுக் கேளு, பின்னால உக்காந்திருக்க பிள்ளைகளுக்கு உதவும். பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வரும்னும் அங்கனயே கேட்டுக்கோ, வீடியோ முடிஞ்சதும் எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடிருவாங்க, அதுக்கு முன்னாடி கேட்டுரு.