மடக்கு சைக்கிளில் சாப்பாட்டுப் பை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிள். ஞாயிறு காலையில் நான்கு பேருக்கான டிபனையும் தண்ணீரையும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறேன். வண்டி நிலையில்லாமல் ஆடுகிறது. பின்னால் பக்கப் பை மாட்டினால் குதிகால் இடிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: ஹேண்டில்பாரில் மாட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மடக்கு சைக்கிளின் ஹேண்டில் தண்டு நீளமானது. அதன் அடியில்தான் மடிக்கும் கீல் இருக்கிறது. உச்சியில் ஐந்து கிலோ தொங்கினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கீலை நெம்புகோல் போட்டு அசைப்பது போலாகும். சின்னச் சக்கரம் லேசாகத் தொட்டாலே திரும்பிவிடும் என்பதால் பை ஊசலாடும்போது வண்டியும் கூடவே வளையும். எல்லாவற்றையும்விட மோசம், பையின் வார் முன்சக்கர ஸ்போக்கில் சிக்குவது. சக்கரம் சட்டென்று நின்று, ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலே தூக்கி எறியப்படுவார்.

சுமைக்குச் சரியான இடம் வண்டியின் முன்கழுத்து, அதாவது ஹெட் டியூப். பிராம்ப்டன் வண்டியில் முன்பை மாட்டும் கட்டை அங்கேதான் இருக்கிறது. 10 கிலோ வரை தாங்கும். டாஹோன், டெர்ன் மாடல்கள் பலவற்றிலும் இதே இடத்தில் தாங்கி பொருத்தத் திருகுத் துளைகள் உண்டு. இப்படி மாட்டிய பை சட்டத்தோடு நிற்கும், ஹேண்டிலோடு திரும்பாது. முதல் நாள் விநோதமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. மடக்கு சைக்கிளில் சீட் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உங்கள் எடையில் பெரும்பகுதி ஏற்கெனவே பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. சுமையையும் பின்னாலேயே ஏற்றினால் மேம்பாலம் ஏறும்போது முன்சக்கரம் பிடிமானம் இழக்கும்.

துளை இல்லாத வண்டி என்றால் பின் கேரியர்தான். பக்கப் பை வேண்டாம். பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இடம் குறைவு, குதிகால் இடிக்கத்தான் செய்யும். தாழ்வான, தட்டையான பெட்டியைக் கேரியரின் மேலேயே நீளவாக்கில் வையுங்கள். சின்னச் சக்கர வண்டியில் கேரியரே தாழ்வாக இருப்பதால் இது நன்றாக நிற்கும். கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைவிடப் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது மேல். வழுக்காது, கொக்கி தெறித்துக் கண்ணில் படும் பயமும் இல்லை. நுனிகளை மறக்காமல் உள்ளே செருகுங்கள்.

எடையையும் கூட்டிப் பாருங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் மூன்று கிலோ, சாப்பாடு இரண்டரை, ஐஸ் ஒன்று, பையும் பாத்திரமும் ஒன்று. ஏழரை கிலோ ஆகிவிட்டது. கேரியரில் பொறித்திருக்கும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை ஒட்டிக் காற்றடியுங்கள். காற்றுக் குறைவாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது ரிம் டியூபை நசுக்கிப் பங்க்சர் ஆக்கிவிடும்.

கேள்வி: ஐஸ் பையில் ஆறு ரோஸ்மில்க் பாட்டிலும் கடையில் வாங்கிய ஒரு கிலோ ஐஸ் கட்டியும் போட்டுக் கொண்டுபோனேன். ஒன்றரை மணி நேரத்தில் ஐஸ் எல்லாம் தண்ணீர். பை மட்டமானதா?
- வாசகர், மதுரை

பதில்: பையைக் குறை சொல்லாதீர்கள். வெதுவெதுப்பான பாட்டில்களை உள்ளே வைத்ததுதான் காரணம். ஒரு கிராம் ஐஸ் கரையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பானத்தை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 25,000 கலோரியை வெளியேற்ற வேண்டும். அதற்கே ஏறக்குறைய 300 கிராம் ஐஸ் போய்விடும். உங்கள் பாட்டில்கள் அரை லிட்டர் என்றால் ஆறும் சேர்ந்து மூன்று லிட்டர். 900 கிராம் ஐஸ் பானத்தைக் குளிரவைப்பதிலேயே தீர்ந்தது. வெயிலைத் தாங்க மிச்சம் 100 கிராம்தான்.

பாட்டில்களை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐஸ் கட்டிக்குப் பதில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறையவைத்து, ரோஸ்மில்க்குக்கு நடுவில் ஒன்றும் மேலே ஒன்றுமாக வையுங்கள். கரைந்தால் குடிக்கலாம், பையும் நனையாது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும் என்பதால் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். கண்ணாடி பாட்டில் ஃப்ரீசருக்கு ஆகாது. மிச்ச இடைவெளிகளில் துண்டைத் திணித்து, பையின் மேல் ஈரத் துணியைச் சுற்றுங்கள். மதுரையின் வறண்ட காற்றில் ஓட்டும்போது அந்த ஈரம் உலர்ந்து உலர்ந்து குளிர்ச்சி தரும். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் இது அவ்வளவாகப் பலிக்காது.

கேள்வி: டிபன் கேரியரில் சாம்பார் எப்போதும் வழிகிறது. இறுக்கிப் பூட்டியும் பயனில்லை.
- வாசகி, கோவை

பதில்: அடுக்கு டிபன் கேரியர் நிமிர்ந்து நிற்கும்வரைதான் சிந்தாது. அடுக்குகளுக்கு நடுவே ரப்பர் வளையம் கிடையாது, சைக்கிளோ சாயும். இட்லி, பொங்கல், பொரியலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்கு ரப்பர் வளையமுள்ள திருகுமூடி எவர்சில்வர் டப்பா வேண்டும். அதிலும் கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை ஊற்றி மூடினால், குலுங்கும்போது உள்ளே ஆவி அழுத்தம் கூடி மூடி ஓரமாகக் கசியும். இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். மூடி, ஒருமுறை குலுக்கி, லேசாகத் திறந்து ஆவியை விட்டு மறுபடி இறுக்குங்கள். சூடான டப்பாவும் குளிர்ந்த பாட்டிலும் ஒரே பையில் இருந்தால் இரண்டுமே கெடும்.

வண்டியை மடிப்பதற்கு முன் பையைக் கழற்றிவிட வேண்டும். பையோடு மடித்தால் எந்த டப்பாவும் தலைகீழாகும்.

கேள்வி: சாப்பாட்டுப் பையோடு மடக்கு சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: போகலாம். மடித்த வண்டி 120 × 70 × 40 செ.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். சக்கரம் அழுக்காக இருந்தால் உறை போடுங்கள். பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். டுரியான் பழம் எடுத்துச்செல்லவே அனுமதி இல்லை.

கேள்வி: பயணத்துக்கு எந்தச் சோறு பாதுகாப்பு? சோடாவை பிளாஸ்கில் ஊற்றலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: புளியோதரையும் தயிர்சாதமும் புளிப்பால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வெறும் சோறு, தேங்காய்ச் சட்னி, முட்டை ஆகியவற்றை வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சோடாவை பிளாஸ்கில் ஊற்றவே கூடாது. குலுங்கும்போது வாயு வெளியேறி மூடியைத் தெறிக்கவைக்கும். வாங்கிய பாட்டிலிலேயே கொண்டுபோய், இறங்கிய பின் கால் மணி நேரம் அசைக்காமல் வைத்து, மெதுவாகத் திறங்கள். பிளாஸ்கில் நீர்மோர் ஊற்றுங்கள். ஊற்றும் முன் ஐஸ் தண்ணீரால் ஐந்து நிமிடம் உட்புறத்தைக் குளிரவைத்தால் மதியம்வரை ஜில்லென்று இருக்கும்.